எட்டுப் பேருக்கு ஃபொண்டூ: வைன் இல்லாமல் செய்யலாமா?

ஆரெக்கரை (பேர்ன்) – நவம்பர் 21, இரவு 9:40

வணக்கம் உறவுகளே. மார்கழி (டிசம்பர்) இரண்டாவது சனிக்கிழமை வீட்டில் ஃபொண்டூ, அதாவது உருக்கிய சீஸில் பாண் (ரொட்டி) துண்டுகளைத் தோய்த்துச் சாப்பிடுகிற சுவிஸ் சாப்பாடு, வைக்க நினைத்திருக்கிறேன். மகளின் வகுப்புத் தோழியும் அவளுடைய அம்மா அப்பாவும் வருகிறார்கள், சுவிஸ்காரர். எங்கள் பக்கம் நாங்கள் மூன்று பேர், யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து நிற்கும் மாமி, என் அண்ணன். மொத்தம் எட்டு.

சிக்கல் என்னவென்றால் அண்ணன் குடியை விட்டு ஆறு வருடமாகிறது. அவர் என்ன பாடுபட்டு விட்டார் என்று எனக்குத் தெரியும். மாமி சைவம். ஃபொண்டூ என்றாலே வெள்ளை வைனும் கிர்ஷ் என்கிற செரிப்பழச் சாராயமும்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

போன கிழமை ஒருதரம் செய்து பார்த்தேன். வைனுக்குப் பதில் தண்ணீர், துருவி விற்கிற பாக்கெட் சீஸ், கொஞ்சம் மொசரெல்லா. எவர்சில்வர் சட்டியில் வைத்து அடுப்பைக் கூட்டிவிட்டேன். சீஸ் எல்லாம் ஒன்றாகத் திரண்டு ரப்பர் உருண்டை மாதிரி நடுவில் நின்றது, சுற்றிவர எண்ணெய். எங்கே பிழை விட்டேன்? இன்னொன்றும் கேட்க வேண்டும். விருந்துக்கு வருகிறவர்களுக்கு முன்னால் ஒரே ஒரு சட்டியை வைத்துவிட்டு இருப்பது சரிதானா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

சூரிச்_மதுரைக்காரி – நவம்பர் 21, இரவு 10:25

தோழி, தப்பு மூணு இடத்தில் நடந்திருக்கு. முதல்ல சீஸ். மொசரெல்லா நூலாக இழுபடுவதற்கென்றே செய்யப்படுவது, குழம்பாகக் கரையாது. இரண்டாவது சூடு. சீஸை வேகமாகச் சூடாக்கினால் அதன் புரதம் இறுகிச் சுருங்கி, உள்ளே பிடித்து வைத்திருந்த கொழுப்பைப் பிழிந்து வெளியே விட்டுவிடும். நீங்கள் பார்த்த எண்ணெய் அதுதான். மூன்றாவது, புளிப்பும் மாவும் இல்லை.

சீஸில் புரதத்தைச் சேர்த்துப் பிடித்திருப்பது கால்சியம். வைனில் இருக்கும் புளிப்பு அந்தக் கால்சியத்தில் கொஞ்சத்தைப் பற்றிக்கொள்வதால் புரதம் இளகித் தண்ணீரோடு கலக்கிறது. மைசேனா, அதாவது சோள மாவு, கொழுப்பும் புரதமும் திரும்பத் தனித்தனியாகப் பிரியாமல் தடுக்கிறது. ரகசியம் அவ்வளவுதான். 1911-ல் இங்கே தூன் நகரத்தில் வால்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஸ்டெட்லரும் சோடியம் சிட்ரேட் சேர்த்து எம்மெண்டால் சீஸை உருக்கித்தான் பதப்படுத்திய சீஸைக் கண்டுபிடித்தார்கள். அதுவும் கால்சியத்தைப் பிடித்து வைக்கும் வேலைதான்.

நான் செய்யும் அளவு, நான்கு பேருக்கு: குரூயேர் 400 கிராம், வாஷ்ரான் 400 கிராம் (இரண்டும் சுவிஸ் சீஸ்), வெள்ளை வைன் 3 முதல் 4 டெசி (ஒரு டெசி 100 மில்லி), மைசேனா 3 டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு 1 டீஸ்பூன், பூண்டு ஒரு பல். பாதிக்குப் பாதி என்பதால் இதற்கு முவாத்தியே-முவாத்தியே என்று பெயர். பூண்டைச் சட்டியின் உள்பக்கம் தேய்த்து, வைனைச் சூடாக்கி, மைசேனா பிசறிய சீஸை ஒவ்வொரு கைப்பிடியாகப் போட்டு, எட்டு வடிவத்தில் கிண்ட வேண்டும். கடைசியில் மிளகும் ஜாதிக்காயும். துருவிய பாக்கெட் வேண்டாம், ஒட்டாமல் இருக்க அதில் வேறு மாவு தூவியிருப்பார்கள். கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள்.

வைன் இல்லாமல் நான் செய்ததில்லை. தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

குளிர்காலப்பறவை – நவம்பர் 21, இரவு 11:02

வைன் இல்லாத ஃபொண்டூவை ஃபொண்டூ என்றே சொல்லக்கூடாது என்பது என் கருத்து. 1699-இல் சூரிச்சில் அன்னா மார்கரெத்தா கெஸ்னர் எழுதி வைத்த சமையல் ஏட்டிலேயே ‘சீஸை வைனோடு சமைப்பது’ என்றுதான் இருக்கிறது. 300 வருடத்துக்கு மேலான பழக்கம்.

அதோடு, கொதிக்கும்போது சாராயம் எல்லாம் ஆவியாகிப் போய்விடும். நீங்கள் அண்ணனிடம் சொல்லாமலே வைக்கலாம். தெரிந்தால்தானே பிரச்சினை.

சாரின்கரைச்_சமையற்காரன் (ஃப்ரிபூர்) – நவம்பர் 22, காலை 6:15

பறவை, உங்களோட கோபம் இல்லை. ஆனால் இதை நான் சொல்லாமல் விடேலாது. தங்கச்சி, தயவுசெய்து அதைக் கேளாதேங்கோ.

நான் 1987இல இஞ்ச வந்தனான். மொழி தெரியாது. முதல் வேலை ஒரு உணவகத்தில கோப்பை கழுவுறது. மூண்டு வருசத்துக்குப் பிறகு சமையற்கட்டுக்குள்ள விட்டவை. பிறகு 26 வருசம் ஃப்ரிபூர் மாநிலத்தில ஃபொண்டூ கிண்டியிருக்கிறன். குளிர்காலத்தில ஒரு இரவுக்கு நாற்பது ஐம்பது சட்டி போகும்.

சாராயம் முழுக்க ஆவியாகாது. அமெரிக்க வேளாண் துறையின்ர அட்டவணையைப் பாருங்கோ, கால் மணித்தியாலம் கொதிச்ச பிறகும் 40 சதவீதம் மிஞ்சும் எண்டு போட்டிருக்கு. ஃபொண்டூ அவ்வளவு நேரம் கொதிக்கிறதும் இல்லை. கிர்ஷ் கடைசியில ஊத்துறது, அது அப்பிடியே இருக்கும். மணமும் வாயில நிக்கும். எங்கட உணவகத்தில எனக்குப் பக்கத்தில நிண்டு வேலை செய்த ஒருத்தர் குடியை விட்டவர். வைன் கலந்த எதையும் ருசி பார்க்க மாட்டார், நான்தான் பார்த்துச் சொல்லுவன். அவர் அதில எவ்வளவு கவனமா இருந்தவர் எண்டதைக் கண்ணால கண்டிருக்கிறன். ஆறு வருசம் காவல் காத்த ஒரு மனுசன்ர கோப்பையில நாங்கள் ஒளிச்சு ஊத்தக்கூடாது. ‘ஆல்கஹால் இல்லாத வைன்’ எண்டு விக்கிறதிலும் 0.5 சதவீதம் வரைக்கும் இருக்கலாம், அதைவிட அந்த ருசியே ஆளைப் பழைய இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும். அதுவும் வேண்டாம்.

இனி நல்ல செய்தி. வைன் இல்லாத ஃபொண்டூ எங்கட ஊர்லயே இருக்கு. ஃப்ரிபூர் ஃபொண்டூ எண்டு பேர். வாஷ்ரான் மட்டும், அதுக்குத் தண்ணி. வைனும் இல்லை, கிர்ஷும் இல்லை, மைசேனாவும் இல்லை. இதை ஆரும் குறைஞ்ச ஃபொண்டூ எண்டு சொல்லுறதில்லை. இந்த ஊர்க் கிழவர் கனபேர் இதைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிடுவினம்.

நாலு பேருக்கு வாஷ்ரான் 800 கிராம், தண்ணி 2 டெசிக்குக் கிட்ட. வாஷ்ரான் மெதுவான சீஸ், துருவ வராது, மெல்லிசாச் சீவுங்கோ. சட்டிக்கு உள்ளி தேய்ச்சு, தண்ணியும் சீஸும் ஒண்டாப் போட்டு, ஆகக் குறைஞ்ச நெருப்பில வைச்சு மரக்கரண்டியால கிண்டிக்கொண்டே நில்லுங்கோ. இருபது நிமிசம் எண்டாலும் நில்லுங்கோ. இது கொதிக்கவே கூடாது. சூடு 50 டிகிரிக்குக் கிட்ட நிண்டால் போதும். ஒரு குமிழி வந்தால் சட்டியைத் தூக்குங்கோ. கொதிச்ச வாஷ்ரான் நூல் நூலாப் போய்த் தண்ணி பிரியும். மேசையிலும் பெரிய அடுப்பு வேண்டாம், தேத்தண்ணிப் போச்சியைச் சூடா வைக்கிற சின்ன மெழுகுதிரி அடுப்புக் காணும்.

பாண் மட்டுமில்லை, சின்ன உருளைக்கிழங்கைத் தோலோட அவிச்சு வையுங்கோ. வாஷ்ரானுக்குக் கிழங்குதான் சோடி.

பச்சைப்புள்ளி (வின்டர்தூர்) – நவம்பர் 22, பகல் 12:30

அண்ணா எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. நன்றி.

நான் வேறொன்று சொல்ல வேண்டும். மாமி சைவம் என்கிறீர்கள். பாலை உறைய வைக்கும் ரென்னட், ஜெர்மனில் ‘லாப்’, எதிலிருந்து வருகிறது என்று பார்த்தீர்களா? குரூயேர் ஏஓபி, அதாவது ஊர்ப்பெயர் பாதுகாப்புப் பெற்ற குரூயேர், அதற்குக் கன்றுக்குட்டியின் இரைப்பையில் இருந்து எடுப்பதைத்தான் போடுகிறார்கள். பால்தானே என்று நானும் பல வருடம் சாப்பிட்டேன், தெரிந்த நாளில் இருந்து நிறுத்திவிட்டேன். வாஷ்ரானுக்கும் கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இந்தியாவில் பச்சைப் புள்ளியைப் பார்த்தால் போதும். இங்கே மஞ்சள் நிற வி-லேபல், அல்லது பொருள் பட்டியலில் ‘மிக்ரோபியெல்லெஸ் லாப்’ என்ற சொல், அதாவது நுண்ணுயிரில் இருந்து எடுத்த உறை. நல்லாக உருகும் அரைக்கெட்டிச் சீஸ்களிலேயே வி-லேபல் போட்டவை கிடைக்கின்றன.

எல்லாச் சைவர்களும் இதைப் பார்ப்பதில்லை. மாமி பார்ப்பாரா என்பதை மாமிதான் சொல்ல வேண்டும்.

ஆரெக்கரை – நவம்பர் 22, இரவு 8:05

இன்று மாமியிடம் நேரே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “கண்டின்ர வயித்துக்கால எடுக்கிறது எண்டால் எனக்கு வேண்டாம் பிள்ளை. நீங்கள் சாப்பிடுங்கோ, எனக்குப் பாணும் சம்பலும் காணும்” என்றார். சொன்ன விதத்தில் துளி குறை இல்லை. ஆனால் எல்லோரும் ஒரு சட்டியைச் சுற்றி இருக்கும்போது அவர் மட்டும் தனியாகப் பாணும் சம்பலும் சாப்பிடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்த மேசையில் அவருக்கும் ஒரு முள்ளுக்கரண்டி இருக்க வேண்டும்.

அண்ணா, இரண்டு சட்டி வைத்தால்? ஒன்று வாஷ்ரான், மற்றது வி-லேபல் சீஸ். இரண்டாவதை எப்படிச் செய்வது?

சாரின்கரைச்_சமையற்காரன் – நவம்பர் 22, இரவு 10:50

ரெண்டு சட்டிதான் சரி. எட்டுப் பேருக்கு ஒரு சட்டி எப்பிடியும் காணாது. 24 சென்ரிமீற்றர்ச் சட்டியில அஞ்சு ஆறு பேருக்கு மேல வைச்சால் கை முட்டும், பின்னால இருக்கிறவைக்கு ஆறிப்போகும். ஆளுக்கு 200 கிராம் சீஸ், 150இல இருந்து 200 கிராம் பாண் எண்டு கணக்கு வையுங்கோ.

அந்த ரெண்டாவது சட்டிக்கு மதுரைக்காரி சொன்ன வழிதான், வைன் இருக்கிற இடத்தில ஆப்பிள். அப்பன்ஸெல் பக்கம் ஆப்பிள் மதுவில ஃபொண்டூ செய்யிறவை, ருசி பொருந்தும் எண்டு அதிலயே தெரியும். நீங்கள் சீனி போடாத ஆப்பிள் சாறு எடுங்கோ. 600 கிராம் சீஸுக்கு ஆப்பிள் சாறு 1½ டெசி, தண்ணி 1 டெசி, எலுமிச்சம்புளி ஒரு மேசைக்கரண்டி, மைசேனா மூண்டு தேக்கரண்டி. வெறும் சாறு எண்டால் இனிப்பு முன்னுக்கு நிக்கும், அதுதான் தண்ணி. புளியை மட்டும் குறைக்காதேங்கோ, வைன் செய்யிற வேலையை இஞ்ச அதுதான் செய்யுது. இந்தச் சட்டி மெல்லமாக் குமிழி விடலாம், பிழையில்லை. உங்களுக்குக் கிடைக்கிற சீஸில ஒரு 150 கிராம் வாங்கி முதலே உருக்கிப் பாருங்கோ, விருந்தண்டு புதுச் சீஸ் எடுக்காதேங்கோ.

பிரிஞ்சு போனால் பயப்பிடாதேங்கோ. ஒரு தேக்கரண்டி மைசேனாவை எலுமிச்சம்புளியில கரைச்சு ஊத்தி, நெருப்பைக் கொஞ்சம் கூட்டி, கம்பிக் கரண்டியால அடியுங்கோ. பத்துக்கு ஒன்பது தரம் திரும்பி வரும்.

முக்கியமான ஒண்டு பாண். முதல்நாள் பாண் வேணும். வெட்டேக்க ஒவ்வொரு துண்டிலயும் ஒரு பக்கம் மேல்தோல் இருக்கவேணும். வெள்ளைப் பக்கத்தால குத்தி, தோலுக்குள்ளால முள்ளு வரவேணும். அப்பிடி எண்டால் சட்டிக்குள்ள விழாது. தொடுறவை அடிவரைக்கும் விட்டுக் கிண்டி எடுக்கவேணும், மேலால நனைச்சு எடுத்தால் அடி இறுகிப்போகும்.

ஏரிநிழல் (பீல்) – நவம்பர் 23, காலை 7:20

மேசை அடுப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். வாஷ்ரானுக்கு மெழுகுதிரி போதும் என்று அண்ணா சொன்னார், மற்றச் சட்டிக்கு ரெஷோ, அதாவது எரிபொருள் ஊற்றும் சின்ன மேசை அடுப்பு, வைப்பீர்கள்.

நான்கு வருடம் முன்பு எங்கள் வீட்டில் ஸ்பிரிட் ஊற்றும் அடுப்பு. சாப்பாட்டின் நடுவில் அணைந்துவிட்டது என்று நினைத்து நான் போத்தலில் இருந்து ஊற்றினேன். அணையவில்லை. ஸ்பிரிட்டின் சுவாலை வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. நெருப்பு போத்தலை நோக்கி ஏறி வந்தது. என் வலது கை மணிக்கட்டுவரை வெந்தது. பக்கத்தில் மகன் இருந்தான், ஒரு அடி தள்ளி. இன்னும் அதை நினைத்தால் உடம்பு நடுங்குகிறது.

தயவுசெய்து திரவ ஸ்பிரிட் வேண்டாம். மூடி கிழித்து வைக்கும் பசை எரிபொருள் டப்பாக்கள் கிடைக்கின்றன, அதை வாங்குங்கள். எரிந்துகொண்டிருப்பதில், சூடாக இருப்பதில், எதையும் ஊற்றவே கூடாது. இரண்டாவது அடுப்பைத் தயாராக வைத்திருந்து மாற்றுங்கள். பிள்ளைகளை மேசை விரிப்பு தொங்காத பக்கம் இருத்துங்கள். சன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

தோணிக்காரன் – நவம்பர் 23, மாலை 5:45

எல்லோரும் ஒரே சட்டியில் தோய்ப்பது எச்சில் இல்லையா? என் பெற்றோர் வந்தபோது இதனாலேயே ஃபொண்டூ வைக்கவில்லை.

சூரிச்_மதுரைக்காரி – நவம்பர் 23, மாலை 6:30

எச்சில் ஆகாமல் சாப்பிடும் முறை இருக்கு. நீளமான முள்கரண்டி சட்டிக்கு மட்டும். ரொட்டியைத் தோய்த்து எடுத்து, உங்கள் தட்டில் வைத்து, இன்னொரு சாதாரண முள்கரண்டியால் சாப்பிடுவது. நீளக் கரண்டி வாய்ப்பக்கமே போகாது. தட்டில் வைப்பதால் நாக்கும் சுடாது. ஒவ்வொரு கரண்டியின் கைப்பிடி நுனியிலும் வேறு வேறு நிறம் இருப்பது யாருடையது என்று தெரியத்தான். சாப்பிட உட்காரும்போதே இதைச் சொல்லிவிட்டால் பெரியவர்களுக்கு நிம்மதி.

குடிப்பதற்கு என்ன என்று அடுத்து கேட்பீர்கள். பால் இல்லாத சூடான தேநீர், இங்கே அதுதான் பழைய வழக்கம். பச்சைத்தண்ணீர் குடித்தால் சீஸ் வயிற்றில் கட்டியாகிவிடும் என்று பயமுறுத்துவார்கள். 2010-ல் சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனைக்காரர்கள் 20 பேருக்கு ஃபொண்டூ கொடுத்து, சிலருக்கு வைன், சிலருக்குத் தேநீர் என்று வைத்து அளந்து பார்த்து, பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தியது மதுதான். உங்கள் அண்ணனுக்கும் மாமிக்கும் தேநீர் கொடுப்பதில் எந்தக் குறையும் இல்லை.

ஆரெக்கரை – நவம்பர் 23, இரவு 9:15

எல்லாம் குறித்து வைத்துவிட்டேன். ஆனால் என் கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சீஸும் பாணும் மட்டும் விருந்தாகுமா? பக்கத்தில் கட்லட், கொஞ்சம் இடியப்பக் கொத்து வைத்தால் என்ன? என் அம்மா ஆறு கறிக்குக் குறைத்து யாருக்கும் சோறு போட்டதில்லை.

பச்சைப்புள்ளி – நவம்பர் 23, இரவு 9:50

வைக்காதீர்கள். அன்பினால் சொல்கிறேன். நான் முதல் தடவை வடை, சமோசா எல்லாம் வைத்தேன். அவற்றைச் சாப்பிட்டுவிட்டு ஃபொண்டூவைத் தொடும்போது எல்லோருக்கும் வயிறு நிறைந்துவிட்டது. அரைச் சட்டி மிஞ்சி இறுகியது. ஊறுகாய் போட்ட சின்ன வெள்ளரிக்காய், சின்ன வெங்காயம், பேரிக்காய்த் துண்டு, பிறகு பழம். அவ்வளவு போதும். நம் வீட்டு விருந்தில் விருந்தாளி சாப்பிடும்போது நாம் பரிமாறிக்கொண்டு நிற்போம். இதில் நீங்களும் உட்கார வேண்டும். நீங்கள் எழுந்து சமையலறைக்குப் போனால் உங்கள் பக்கம் கிண்ட ஆளில்லை.

சாரின்கரைச்_சமையற்காரன் – நவம்பர் 23, இரவு 11:30

அதே. இது ஏதோ ஆதிகாலத்தில இருந்து நாடு முழுக்க இருந்த சாப்பாடும் இல்லை. 1930களில சுவிஸ் சீஸ் யூனியன்தான் சீஸை விக்கிறதுக்கு இதை நாட்டுச் சாப்பாடு எண்டு பரப்பினது. 1950களில ராணுவச் சமையற்கட்டுகளுக்கும் போனது. கிண்டப் பழகின பெடியள் வீட்டை வந்து வைச்சவை. ஒரு சட்டியைச் சுத்தி இருக்கிறது சனத்துக்குப் பிடிச்சுப்போச்சு, அதாலதான் நிலைச்சது. பக்கத்தில வேற கறி வைச்சால் அவையவை தங்கட கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருப்பினம்.

வாறவையின்ர குளிர்ச்சட்டைகளை படுக்கையறைக்குள்ள வைச்சுக் கதவைப் பூட்டுங்கோ. மணம் ஏறினால் ஒரு கிழமைக்குப் போகாது.

ஆரெக்கரை – மார்கழி 15, காலை 10:20

நேற்று இரவு நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அண்ணன் வந்தவுடன் இரண்டு சட்டியையும் காட்டி, இதில் தண்ணீர், இதில் ஆப்பிள் சாறு, வீட்டில் போத்தலே இல்லை என்று சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து வாஷ்ரான் சட்டியைக் கிண்டத் தொடங்கினார். கடைசிவரை அந்தக் கரண்டியை யாரிடமும் கொடுக்கவில்லை. ஒருதரம் சூடு கூடி நூல் விடத் தொடங்கியது. உடனே தூக்கி, இரண்டு கரண்டி இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுக் கிண்டினோம், சேர்ந்து வந்தது.

சுவிஸ் தோழியின் அப்பா தனக்குக் கிர்ஷ் இல்லாதது குறைதான் என்று வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய மனைவி துர்காவ் மாநிலத்துக்காரர், தண்ணீர் ஃபொண்டூ அவருக்குப் புதிது. கிழங்கோடு நன்றாகச் சாப்பிட்டு அளவைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். பசை அடுப்புத்தான் வைத்தேன், பீல் அண்ணாவுக்கு நன்றி. வாஷ்ரான் 1 கிலோ வாங்கினேன், கொஞ்சம் மிஞ்சியது. ஆப்பிள் சட்டியில் ஒரு துளி மிஞ்சவில்லை.

அந்தச் சட்டியின் அடியில் ஒரு பொன்னிறத் தகடு ஒட்டியிருந்தது. பிள்ளைகள் அதை ‘குரோஸ்முத்தர்’, பாட்டி, என்று கத்திக்கொண்டு சுரண்ட ஓடி வந்தார்கள். மாமி அகப்பையை வாங்கித் தானே சுரண்டி, ஆளுக்கொரு துண்டாக உடைத்துக் கொடுத்தார். “சோத்துப்பானை அடியில பிடிச்ச காந்தலை நாங்கள் இப்பிடித்தான் அடிபட்டுத் தின்னுறனாங்கள்” என்று சொல்லிக்கொண்டு தனக்கும் ஒரு துண்டு எடுத்து வைத்தார்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். வாஷ்ரான் சட்டியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்தேன், சீஸ் பசையாகிப் பஞ்சு முழுக்க ஒட்டிவிட்டது. எப்படிக் கழுவுவது?

சாரின்கரைச்_சமையற்காரன் – மார்கழி 15, பகல் 1:05

பச்சைத்தண்ணி, தங்கச்சி. சுடுதண்ணி கூடாது. பச்சைத்தண்ணி நிறைய விட்டு நாளைக் காலமைவரைக்கும் வையுங்கோ, சீஸ் இறுகிக் கட்டியா உரிஞ்சு வரும். மரக்கரண்டியால தள்ளிக் குப்பையில போடுங்கோ, குழாய்க்குள்ள விடாதேங்கோ. மிஞ்சின வாஷ்ரானை நாளைக்கு அவிச்ச கிழங்குக்கு மேல போட்டுப் போறணையில (அவனில) வையுங்கோ.

கோப்பை கழுவித் தொடங்கினவன் சொல்லுறன், இதை நம்புங்கோ.